அக்வேரியத்தால கடலுக்கு ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா, இல்ல சும்மா வேடிக்கை தானா?

உப்புக்காத்து:
போன வாரம் பொண்ணக் கூட்டிட்டு ஒரு பெரிய அக்வேரியம் போயிருந்தேன், ஆறு வயசு அவளுக்கு. கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னவ திரும்பி "அப்பா, இதையெல்லாம் யாரு புடிச்சிட்டு வந்தா, அதோட அம்மா தேடாதா"ன்னு கேட்டுட்டா, எனக்கு வாயே வரல. வாசல்ல கடல் பாதுகாப்பு, கல்வின்னு பெரிசா போர்டு, உள்ள போனா மீன் பேர் எழுதின பலகை, கடைசில பொம்மைக் கடை. நிஜமா ஏதும் நடக்குதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டேங்க்காரன்:
ஒன்பது வருஷமா ஃபில்டர் கழுவுற வேலைல இருக்கேன் சார், உங்க பொண்ணு கேட்டது கரெக்டான கேள்வி. க்ளவுன் மீன் டேங்க்லயே ஈசியா குஞ்சு பொரிக்கும், ஆனா கடல் மீன்ல நிறைய வகைய இன்னும் கடல்ல இருந்து தான் புடிக்கறாங்க. பொரிச்ச குஞ்சு கண்ணுக்கே தெரியாது, முதல் சில நாள் அதோட வாய்க்குள்ள போற சைஸ்ல உயிருள்ள தீனி வேணும், அங்க தான் எல்லாம் செத்துப்போகும். நீல டேங்னு (blue tang) ஒரு கடல் மீன், அத தொட்டில வளர்த்தெடுக்க 2016 ஆச்சு, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல.

ஆனா நல்லதும் நடக்குது. ஃப்ளோரிடால 2014-ல இருந்து ஒரு நோய் வந்து பவளம் கொத்துக்கொத்தா செத்துச்சு. தூண் பவளம்னு ஒரு வகை, மிஞ்சினது ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ தூரத்துல இருக்கறதால கருமுட்டையும் விந்தும் தண்ணில சந்திக்கவே வாய்ப்பில்ல. ஃப்ளோரிடா அக்வேரியத்துல சூரியன் உதிக்கறது, மறையறது, நிலா வெளிச்சம் எல்லாத்தையும் லைட் வச்சே காட்டி 2019-ல அத முட்டை போட வச்சாங்க. அதுவரை ஆய்வகத்துல அது நடந்ததே இல்ல.

நேர்வழி:
நல்ல இடம் ஒண்ணு ரெண்ட காட்டி எல்லாருக்கும் சர்டிபிகேட் குடுக்காதீங்க ப்ரோ. பார்க்க வர்றவங்க மனசு மாறுதுன்னு 2007-ல அமெரிக்க உயிரியல் பூங்கா, அக்வேரியம் சங்கம் ஒரு ஆய்வு விட்டுச்சு, 2010-ல லோரி மரினோன்னு ஒரு விஞ்ஞானியோட குழு அத பிரிச்சுப் பார்த்து, ஆய்வு செஞ்ச முறையே சரியில்ல, இத வச்சு அப்படி சொல்ல முடியாதுன்னு எழுதினாங்க. டால்ஃபின பந்து தட்ட வச்சுட்டு அத கல்வின்னு சொன்னா எப்படி? கனடா 2019-ல திமிங்கலம், டால்ஃபின் புதுசா அடைச்சு வைக்கறதையே சட்டம் போட்டு நிறுத்திடுச்சு.

டேங்க்காரன்:
டால்ஃபின் விஷயத்துல உங்க கட்சி தான் நான்.

அலையோரம்:
ரெண்டு பேர் சொல்றதும் சரி தான், ஆனா நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணு: அந்தக் கட்டடத்துல இருந்து கடலுக்குத் திரும்பிப் போறது என்ன? அமெரிக்கால கலிஃபோர்னியால இருக்கற மான்டரே பே அக்வேரியத்துல தாய் இல்லாம கரை ஒதுங்கற கடல் நீர்நாய்க் குட்டிய, திரும்ப கடலுக்கு விட முடியாத பெரிய நீர்நாய்கிட்ட குடுத்து வளர்க்க வைக்கறாங்க. மனுஷ முகம் பழகிடக் கூடாதுன்னு வேலை பார்க்கறவங்க கருப்பு அங்கி, வெல்டிங் மாஸ்க் போட்டுட்டு தான் குட்டிகிட்டயே போவாங்க. 2002-ல இருந்து 2016 வரை இப்படி வளர்ந்த 37 குட்டிய விட்டாங்க, எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்துல அந்தக் காலத்துல கூடின நீர்நாய் எண்ணிக்கைல பாதிக்கு மேல அதுங்களும் அதுங்க வாரிசும் தான்.

இன்னொண்ணு, வரிக்குதிரைச் சுறா. இந்தோனேசியாவோட ராஜா அம்பாட்ல கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சு. அக்வேரியம்ல இருக்கற சுறா போட்ட முட்டைய ஃப்ளைட்ல அனுப்பி, அங்கயே பொரிக்க வச்சு, 2023 ஜனவரில முதல் குட்டிங்கள கடல்ல விட்டாங்க. சுறாவ அனுப்பறதுக்கு முட்டைய அனுப்பறது எவ்ளோ ஈசி பாருங்க!

அதனால அடுத்த தடவ போனா எது இங்கயே பொரிச்சது, எது புடிச்சது, போன வருஷம் எத திரும்ப விட்டீங்கன்னு கேளுங்க. வேலை செய்யற இடம்னா விடாம பேசுவாங்க.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. அந்த மூணு கேள்வியையும் மெயில்ல கேட்டேன், 'உங்கள் வருகைக்கு நன்றி'ன்னு ஆட்டோமேட்டிக் பதில் மட்டும் வந்திருக்கு. பொண்ணுகிட்ட நீர்நாய்க் கதைய சொன்னேன், நேத்துல இருந்து என் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு தான் பொம்மைக்கு சோறு ஊட்டுது.