நகை பற்றவைக்க எவ்வளவு கேட்டார்கள்? உங்கள் அனுபவம்

வைகைக்கரையான்:
அம்மாவின் மரகதத் தோட்டில் தண்டு முறிந்துவிட்டது. மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் 500 ரூபாய் கேட்டார் ஆசாரி. சரி என்று உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வந்திருந்த வேறொரு பெண்மணியின் அறுந்த சங்கிலியை எடுத்தார். வெங்கார உப்பைத் தடவி, ஒட்டவைக்கும் உலோகப் பொடி கடுகளவு வைத்து, ஊதுகுழலால் தீயை ஒரே ஊது. 50 ரூபாய். என் தோட்டுக்கும் அதே வெங்காரம், அதே பொடி, அதே ஊதுதான். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்துச் சொன்ன கூலியோ என்று இன்னும் உறுத்துகிறது.

பட்டறைவீட்டுப் பெண்:
அட்டையை விடுங்கள் அண்ணா, கல்லைப் பாருங்கள். மரகதம் சூடு தாங்காது. பெரும்பாலும் உள்ளே இயற்கையாகவே கீறல் இருக்கும். கல்லைக் கழற்றி, ஊதி, மறுபடி பதிக்க வேண்டும். கல்லைப் பிடித்திருக்கும் தேய்ந்த பிடி ஒடிந்தாலும் கல் விரிசல் விட்டாலும் அவர் தலையில்தான் விடியும். வெறும் சங்கிலியில் அந்தப் பயம் ஏது?

என் அப்பாவிடம் ஒருவர் அரக்கு அடைத்த பழைய காப்பைக் கொடுத்தார். அரக்கு வழியும் என்று முதலிலேயே சொல்லித்தான் வாங்கினார் அப்பா. சூடு பட்டதும் கறுப்பாகக் குமிழ்விட்டுப் பொங்கி வழிந்தது. எடை குறைந்தது. அந்த மனிதர் தராசையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அரக்கைச் சுரண்டிக் காட்டியும் நம்பவில்லை. கூலியும் தரவில்லை.

கணக்குப்பிள்ளை:
என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆயிற்று, அது கிடக்கட்டும். கொடுக்கும்போதே எடை போட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மெருகு போட்டால் எடை சற்றுக் குறையும். அதற்குச் சண்டை பிடிக்காதீர்கள். நகைக்கு முன்னால் பொடி உருக வேண்டும் என்பதால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒட்டு மிகுந்த நகையை உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், இறங்கும். புது நகையானால் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இட ஹால்மார்க் குறியீடு அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மோதிரத்தைச் சிறிதாக்கினால் வெட்டிய நறுக்கைக் கேட்டு வாங்குங்கள். கிராம் 10,000 ரூபாயைத் தாண்டிய காலத்தில் அதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பொருநைத்துறை:
கணக்குப்பிள்ளை அவர்களே, நறுக்கைக் கேட்கச் சொன்னீர்கள். கூலி ஏறும் என்று சொல்லவில்லையே? நெல்லையில் என் மோதிரத்தைக் கொடுத்தபோது, "நறுக்கு எனக்கென்றால் 100, உங்களுக்கென்றால் 400" என்றார் ஆசாரி. சில்லறை வேலைக்குக் கூலி மலிவாக இருப்பதன் சூட்சுமம் எனக்கு அன்றுதான் பிடிபட்டது. தரையைப் பெருக்கிய தூசியையே, அதில் கிடக்கும் தங்கத் துகளுக்காக அலசக் கொடுத்துக் காசாக்கும் தொழில். பட்டறைவீட்டுப் பெண் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒளிக்காமல் சொன்னாரே என்று எனக்கு மதிப்புதான் கூடியது. 400 தருகிறேன் என்றதும் அவர் முகம் சற்றுச் சுருங்கியது. நறுக்கை இடுக்கியால் எடுத்துத் தராசில் போட்டார். 180 மில்லிகிராம். காகிதத்தில் மடித்து நீட்டினார்.