சப்வூஃபருக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

தக்கலை, புதன் இரவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பையன்களுக்கு ஹோம் தியேட்டர் பொருத்தும் வேலை சொல்லிக்கொடுத்து வருகிறேன். எல்லாரும் வயரிங் வேலைக்குப் போகிறவர்கள். விலை குறைந்த 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) எப்படி வைப்பது, வைத்த பிறகு அது தேறுமா தேறாதா என்று காதால் எப்படிப் பார்ப்பது, இதற்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். சனிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். சூழொலி, நடு ஸ்பீக்கர், பின் ஸ்பீக்கர் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. மிகக் கீழ்ச்சுருதி ஒலிகளை மட்டும் தரும் பெட்டியான சப்வூஃபரில் நிற்கிறேன்.

'தாழொலிப் பெட்டி' என்றுதான் எழுதியிருந்தேன். போன வாரம் வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன், "சார், தாழ்ந்த ஒலின்னா சத்தம் கம்மியா வருமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. 'தாழ்ந்த குரலில் சொன்னான்' என்றால் மெதுவாகச் சொன்னான் என்றுதானே நாம் எடுத்துக்கொள்கிறோம்? சுருதி இறங்குவதும் சத்தம் குறைவதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. இந்தப் பெட்டியோ அறையிலேயே அதிகமாக அதிர்வது. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவனுக்குச் செட்டை மதிப்பிடவே வராது. ஆகவே சொல் முக்கியம். உதவுங்கள்.

வடசேரி, வியாழன் காலை

தம்பி, சொல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலேயே இருக்கிறது: வலிவு, மெலிவு, சமன். மெலிவு என்றால் மந்தரம், கீழ்த்தானம், அதாவது கீழ்ச்சுருதி. சமன் நடு. வலிவு மேல்தானம். மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டால் மேல்சுருதிக்கான சிறு ஸ்பீக்கராகிய டுவீட்டர் வலிவொலி, நடுவில் உள்ளது சமனொலி, உங்கள் பெட்டி மெலிவொலி. ஒரே ஒழுங்கில் மூன்று சொற்கள் கிடைக்கின்றன, மூன்றும் நம்முடையவை. 'மந்தரம்' வடசொல், அது வேண்டாம். முப்பத்தொரு ஆண்டு வகுப்பில் இந்த வரியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இது கடையில் விற்கிற பொருளுக்குப் பயன்படும் என்று நினைத்ததில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறது.

சுசீந்திரம் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத் தூண்களைத் தட்டிக் கேட்டிருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சிறு தூண்கள் வேறுவேறு சுரம் தருகின்றன. சுரத்தையும் சத்தத்தையும் நம் முன்னோர் குழப்பிக்கொள்ளவில்லை. நாம்தான் பிற்பாடு குழப்பிக்கொண்டோம்.

மார்த்தாண்டம், வியாழன் மதியம்

சார், உங்கள் சொல்லில் குறையில்லை. ஆனால் நான் கடை வைத்திருக்கிறவன். 'மெலிவொலிப் பெட்டி' என்று எழுதி வைத்தால் வருகிறவர், "மெலிஞ்ச சத்தமா? எனக்கு வேண்டாம்" என்று திரும்பிப் போவார். அந்தப் பையன் 'தாழ்' என்பதற்குக் கேட்ட கேள்வியை எல்லாரும் 'மெலிவு' என்பதற்குக் கேட்பார்கள். குலசேகரத்திலிருந்து வருகிறவரும் களியக்காவிளையிலிருந்து வருகிறவரும் 'வூபர்' என்றுதான் கேட்கிறார்கள். கொஞ்சம் வயதானவர்கள் 'பாஸ் பெட்டி' என்பார்கள்.

மொழிபெயர்க்கத்தான் வேண்டும் என்றால் மூலத்தைப் பாருங்கள். வூஃபர் நாய் குரைக்கும் ஒலியிலிருந்து வந்தது, டுவீட்டர் குருவியின் கீச்சிலிருந்து. அப்படியென்றால் உறுமி, கீச்சான். சின்னச் சொல், சொன்னாலே ஒலி கேட்கிறது.

குளச்சல், வியாழன் மாலை

கீச்சான் எங்களுக்கு மீன். பிடித்துக் கையில் எடுத்தால் முனகும். அந்தப் பேரை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் புரியாது. உறுமி என்பதும் ஏற்கெனவே ஒரு தோற்கருவி. இருக்கிற வாத்தியத்தின் பேரை எடுத்து ஒரு பிளைவுட் பெட்டிக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாத்தியம் வாசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரணியல், வியாழன் இரவு

அப்படியானால் நான் சொல்லப்போவதும் உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். குடம்.

நம் வில்லுப்பாட்டில் வில்லோடு சேர்ந்து இருக்கும் மண்குடத்தை நினைத்துப் பாருங்கள். வாயில் தட்டினால் 'கும்' என்று ஒரு ஒலி நெஞ்சில் வந்து இடிக்கும். உள்ளே இருக்கும் காற்று சுருள்கம்பி மாதிரி அமுங்கி விரிகிறது. வாயில் இருக்கும் காற்று அதன்மேல் வைத்த எடை மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. குடம் பெரிதானால் சுருதி இறங்கும், வாய் குறுகினாலும் இறங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். உங்கள் சப்வூஃபரின் பக்கத்தில் ஒரு குழாய் ஓட்டை இருக்கிறதே, அது குடத்தின் வாயேதான். நாஞ்சில் நாட்டு அம்மன் கொடைத் திருவிழாக்களில் நாம் கேட்டு வளர்ந்த ஒலிக்கு வேறு எங்கிருந்து பேர் தேட வேண்டும்? குடவொலிப் பெட்டி.

வடசேரி, வெள்ளி காலை

குடவொலி என்பது குடம் + ஒலி. மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்திருக்கிறது. புணர்ச்சி சரி. ஆனாலும் மெலிவு புரியாது என்றால் 'கார்வை' இருக்கிறதே. 'கார்வையான குரல்' என்று இன்றும் சொல்கிறோம். அதில் சத்தக் குறைவு என்ற பொருளே இல்லை.

தக்கலை, வெள்ளி மதியம்

இரணியல் அண்ணாச்சி, குடத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியின் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று அடித்தது. ஆனால் ஓட்டையே இல்லாத மூடிய பெட்டிகளும் உண்டு. அவற்றைக் குடம் என்று சொல்ல முடியுமா?

கார்வை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மணிநேரம் அதையே எழுதினேன். பிறகு நிறுத்திவிட்டேன். காரணம் இது.

மலிவான பெட்டியின் பெரிய குறை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இழுப்பது. தவிலில் கீழ்ச்சுருதி தரும் தொப்பிப் பக்கத்து அடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும். கெட்ட பெட்டியில் ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் ஏறி 'ம்ம்ம்' என்று ஒரே முழக்கமாகிவிடும். பாதித் தப்பு பெட்டியுடையது, பாதி அறையுடையது. 14 அடி நீள அறையில் சுமார் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை சரியாகச் சுவரிலிருந்து சுவருக்கு அடங்கிவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒலி முட்டும், நடு அறையில் உட்கார்ந்தால் காணாமலே போகும். பெட்டி ஒன்றுதான், கேட்கிற இடம்தான் வேறு. காங்கிரீட் வீட்டில் இது அதிகம். பழைய ஓட்டு வீட்டில் பாதி ஒலி கூரை வழியே வெளியே போய்விடுவதால் அங்கே அதே பெட்டி சுத்தமாகக் கேட்கும். அதனால்தான் பையன்களிடம், பெட்டியை முதலில் நாற்காலி இருக்கிற இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள், எங்கே ஒலி ஒரே சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள் என்கிறேன். செலவில்லாத வழி.

இப்போது கார்வைக்கு வருகிறேன். இசையில் கார்வை என்றால் நீட்டி நிறுத்துவது. நான் ஒழிக்கச் சொல்கிற குறையின் பேரையே பெட்டிக்கு வைத்துவிட்டு, "கார்வைப் பெட்டியில் கார்வை வரக்கூடாது" என்று எப்படி எழுதுவேன்?

நாகர்கோவில், வெள்ளி மாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'கனமான ஒலி' என்பதிலிருந்து ஒன்று செய்து பார்த்தேன், கனவொலி என்று வந்து கனவாகிவிட்டது. விட்டுவிட்டேன். 'கட்டைக் குரல்' என்று சொல்கிறோமே, அதை எடுத்தால் என்ன? ஒருவன் கட்டைக் குரலில் கத்தலாம், கட்டைக் குரலில் முணுமுணுக்கவும் செய்யலாம். சத்தம் அதில் சேரவில்லை. கட்டையொலிப் பெட்டி.

மார்த்தாண்டம், வெள்ளி மாலை

கட்டைப் பெட்டி என்று சுருக்கினால் மரப்பெட்டி ஆகிவிடும். 'ஒலி' கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தால் எனக்குச் சம்மதம். கடைப் பலகையில் வூஃபர்தான் இருக்கும், அதை மாற்ற மாட்டேன்.

வடசேரி, வெள்ளி இரவு

பாட்டுக்காரர்கள் 'அஞ்சு கட்டை' என்றால் சுருதி மேலே என்று பொருள். அதே சொல்லைக் கீழே இருப்பதற்கு வைக்கிறீர்கள். என் மெலிவு இதைவிடத் தெளிவு. பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் என் கருத்து இதுதான் என்று பதிவாகட்டும்.

தக்கலை, வெள்ளி இரவு 11 மணி

நன்றி சார், உங்கள் மறுப்பைக் கையேட்டின் அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். முதல் பக்கத்தில் 'சப்வூஃபர் என்று கடையில் சொல்லும் கட்டையொலிப் பெட்டி' என்று ஒரு தடவை, அப்புறம் எல்லா இடத்திலும் கட்டையொலிப் பெட்டி. இரண்டு பேர் ஒத்துக்கொண்டீர்கள், சார் குறுக்கே நிற்கவில்லை. குளச்சல் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இரணியல், சனி அதிகாலை

எனக்குச் சம்மதமில்லை. மூடிய பெட்டியிலும் காற்று அடைபட்டுச் சுருள்கம்பியாகத்தான் வேலை செய்கிறது. அது வாய் கட்டிய குடம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் குடத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். பையன்கள் தட்டிப் பார்க்கட்டும்.

தக்கலை, சனி காலை

கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, நாலு மணிக்கு வகுப்பு. கையேடு அச்சுக்குப் போய்விட்டது.