ஆண்டகோனிஸ்ட்டுக்கு ‘எதிர்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

உயிரணுவில் மருந்து வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி (receptor) என்று பெயர். அதில் உட்கார்ந்து, வேறொரு பொருள் அங்கே வேலை செய்ய விடாமல் செய்யும் மருந்துதான் ஆண்டகோனிஸ்ட் (antagonist). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாமே ‘எதிர்’ என்றுதான் தொடங்குகின்றன: எதிரி, எதிர்ப்பி, எதிர்வினையி. எனக்கு அந்த முன்னொட்டே உறுத்துகிறது.

மருந்தியல் பாடம் நடத்துகிறேன். மார்ஃபின் அளவுமீறினால் கொடுக்கும் நலோக்சோன் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: மார்ஃபின் மூச்சை அடக்குகிறது, நலோக்சோன் அதற்கு எதிரி, ஆகவே அது மூச்சை முடுக்கிவிடுகிறது. சொல்லை நம்பி யோசித்தால் அப்படித்தானே வரும்? உண்மையில் நலோக்சோன் எதையும் முடுக்குவதில்லை. மார்ஃபின் உட்கார வேண்டிய ஏற்பியில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து அளவுமீறி மூச்சு அடங்கிக்கொண்டிருப்பவருக்கு அதை நரம்பில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் மூச்சு திரும்பும். ஓபியாய்டு எதுவும் எடுக்காதவருக்கு அதையே போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. இன்னொன்று, நலோக்சோனின் அரையாயுள் (இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம்) ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே இருப்பது நீண்ட நேரம் நிற்கும் ஓபியாய்டு என்றால், இடம் காலியானதும் அது மறுபடி வந்து உட்காரும்; மூச்சு மறுபடி படுத்துவிடும். நலோக்சோன் கொடுத்த பிறகும் ஆளை விட்டு நகரக் கூடாது என்பது இதனால்தான்.

இதற்குத் தமிழில் பொருத்தமான வினை ஏற்கெனவே இருக்கிறது: மறித்தல். சாலை மறியலில் உட்கார்ந்திருப்பவர் பேருந்தைப் பின்னால் தள்ளுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார், பேருந்து போக முடியவில்லை. பேருந்தே வராத சாலையில் மறியல் செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆகவே என் பரிந்துரை ‘மறிப்பி’. ஏற்பி, உணர்வி வரிசையில் இயல்பாகவும் உட்காருகிறது.

ஏற்பி என்ற கருத்து பிறந்த கதையும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் லாங்லி வெளியிட்ட ஆய்வில் நிகோட்டின் தசையைச் சுருக்கியது. அம்பில் தடவும் நஞ்சான குராரே அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. ஆனால் குராரே ஏறிய தசைக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கத்தான் செய்தது. அதாவது குராரே தசைக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. நிகோட்டின் வந்து சேரும் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டது. அந்த இடத்தைத்தான் அவர் ‘ஏற்கும் பொருள்’ என்ற கருத்தில் குறித்தார்.

‘தடுப்பி’ போதாதா என்று கேட்கலாம். அதை நொதிகளின் (என்சைம்) வேலையை நிறுத்தும் மருந்துகளுக்குக் கொடுத்தாயிற்று. ஆஸ்பிரின் நொதித் தடுப்பி, அது ஏற்பியில் போய் உட்காரும் மருந்து அல்ல. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் குழப்பம்தான். தவிர, மறிப்பி இருந்தால் அடைமொழிகளும் சுலபம். மார்ஃபினைக் கூட்டிக் கொடுத்தால் நலோக்சோனைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்க்கலாம், ஆகவே அது போட்டி மறிப்பி. ஃபினாக்சிபென்சமின் என்ற மருந்து அட்ரினலினின் ஆல்ஃபா ஏற்பியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும், எவ்வளவு அட்ரினலின் கொடுத்தாலும் நகராது. அது மீளா மறிப்பி.

‘எதிர்’ பொருந்துகிற இடமும் உண்டு. ஒவ்வாமை அதிர்ச்சியில் ஹிஸ்டமின் இரத்தக் குழாயை விரிக்கிறது. நாம் கொடுக்கும் அட்ரினலின் ஹிஸ்டமினின் ஏற்பியைத் தொடுவதே இல்லை. தன் சொந்த ஏற்பி வழியாகக் குழாயைச் சுருக்குகிறது. இதுதான் நேருக்கு நேர் எதிர்ப்பு. முழங்கையை மடக்கும் தசைக்கும் நீட்டும் தசைக்கும் இருக்கும் உறவும் இப்படித்தான். ஏற்பியை மறிப்பது, இந்த நேர் எதிர்ப்பு, தசைகளின் உறவு ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ‘ஆண்டகோனிஸ்ட்’ என்ற ஒரே பெயரில் கட்டி வைத்திருக்கிறது. அந்த மூட்டையை அப்படியே நாம் தூக்க வேண்டியதில்லை.

சரி, அகோனிஸ்ட். ஏற்பியில் உட்கார்ந்து அதை வேலை செய்ய வைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். கிரேக்க மூலத்தில் ‘அகோன்’ என்றால் போட்டி. அதைப் பிடித்துக்கொண்டு ‘மல்லன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன், ஆனால் வேண்டாம். ‘ஊக்கி’யும் ஆபத்து. நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் இதயத்தின் ஏற்பியில் அகோனிஸ்ட்தான், இதயமோ மெதுவாகிறது. ஊக்கி என்று படிப்பவர் துடிப்பு ஏறும் என்றே நினைப்பார். ‘இயக்கி’ நடுநிலையானது. இயக்குவது ஏற்பியை, அதன் பிறகு உறுப்பு வேகமெடுப்பதும் அடங்குவதும் அந்த ஏற்பியின் பாடு.

ஏற்பியை ஓரளவே இயக்கும் பகுதி அகோனிஸ்ட்டுக்குக் ‘குறை இயக்கி’ என்றால் இயக்கத்தைக் குறைப்பது என்று படித்துவிடுவார்கள். ‘அரை இயக்கி’ வைக்கலாம். சரிபாதியா என்று கணக்கு கேட்க வேண்டாம். அரைத்தூக்கத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லையே. பியூப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு நல்ல எடுத்துக்காட்டு. மார்ஃபினை விட மிகக் குறைந்த அளவே போதும், ஆனால் எவ்வளவு கூட்டினாலும் ஏற்பியை முழுதாக இயக்காது. முதல் குணத்துக்கு ‘வீரியம்’, இரண்டாவதற்கு ‘இயக்குதிறன்’ என்று தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். வீரியம் கூடினால் மருந்து உயர்ந்தது என்ற எண்ணம் மருத்துவ மாணவர்களிடமே இருக்கிறது. ஏற்பியை இறுக்கிப் பிடிப்பது மூன்றாவது குணம், அதற்குப் ‘பிணைநாட்டம்’. பியூப்ரினார்ஃபினுக்கு அது மிக அதிகம். ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பில் அவசரப்பட்டுக் கொடுத்தால் முழு இயக்கியைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும், அரை இயக்கமே மிஞ்சும், மருந்தைத் திடீரென நிறுத்தியதுபோல விலகல் துன்பம் உடனே தொடங்கும். இயக்கியே மறிப்பி வேலை பார்க்கிற இடம் இது.

மிச்சம் இருப்பது இன்வர்ஸ் அகோனிஸ்ட். சில ஏற்பிகள் மருந்தே இல்லாமலும் கொஞ்சம் இயங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தன்னியக்கத்தையும் இறக்குவது இது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் செட்ரிசின் இந்த வகைதான். இங்கே ‘எதிர்’ முழுப் பொருத்தம், ஆனால் ‘எதிரியக்கி’ என்று சேர்த்து எழுதினால் ‘எதிரி அக்கி’ என்று பிரித்து, ஏதோ தோல் நோய் என்று நினைப்பார்கள். ‘தணிப்பி’ என்று யோசித்தேன். அது வலி தணிப்பியோடு மோதுகிறது. இதற்கு மட்டும் கையில் நல்ல சொல் இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.