ராத்திரியில் பனியன் நனையும் அளவு வேர்வை, எதைப் பரிசோதிப்பது?

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், ஃபேன் ஓடும்போதே பனியன், தலையணை உறை எல்லாம் ஈரம். காய்ச்சல், இருமல் இல்லை. வெயில் காலம்தானே என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் டிபி என்று பயமுறுத்துகிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாத்திரைப்பெட்டி: சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று எழுதவில்லையே. கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் முதல் சந்தேகம் லோ சுகர்தான். காலையில் பார்த்துப் பயனில்லை, வேர்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஈரக்கை: எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும், பரீட்சைத் தாளுக்கு அடியில் கைக்குட்டை வைத்துத்தான் எழுதுவேன். அந்த வகை தூங்கும்போது நின்றுவிடும். பரம்பரையாக வருவது, பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கிவிடும். உங்கள் அப்பாவுடையது அது இல்லை.

கேட்டவர்: பார்த்தேன், கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. பிரஷருக்கு அட்டெனலால். பல்வலி என்று ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் படபடப்பு, நடுக்கம் எதுவும் இல்லை என்கிறாரே?

மாத்திரைப்பெட்டி: அட்டெனலால் அதைத்தான் மறைக்கும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வேர்வையை மட்டும் அமுக்காது. அதனால் இவருக்கு வேர்வைதான் எச்சரிக்கை மணி. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அட்டெனலாலைச் சட்டென்று விடுவது இதயத்துக்கு ஆபத்து. சாப்பாடு குறைந்திருக்கிறது என்று நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரையின் டோஸை அவர் மாற்றட்டும்.

தெருமுனை: அந்த நேரத்தில் சர்க்கரை சரியாக இருந்தால்? டிபியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, சர்க்கரைக்காரர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். எடை குறைகிறதா, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிகிறதா என்று பாருங்கள், நிணநீர்க்கட்டிப் புற்றுநோயிலும் ராத்திரி வேர்க்கும். தைராய்டு அதிகமானால் பகலிலும் புழுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை சிலதும் வேர்க்க வைக்கும். நெஞ்சை அடைத்துக்கொண்டு குளிர்ந்த வேர்வை வந்தால் மட்டும் எதையும் யோசிக்க வேண்டாம், 108தான்.

கேட்டவர்: எடை அப்படியேதான் இருக்கிறது. மீட்டர் இருக்கிறது, ஸ்ட்ரிப் காலாவதி, இன்றைக்கே வாங்குகிறேன். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், பார்த்து ரொம்ப நாளாயிற்று, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மாத்திரைப்பெட்டி: உண்டு. சிறுநீரகம் மந்தமானால் கிளிமெபிரைடின் வேலை உடம்பில் அதிக நேரம் நீடிக்கும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.