தைரொயிட் குளிசை தொடங்கினாப்பிறகு சீனி ஏறினவை ஆராவது இருக்கிறீங்களா?

உப்புவெளிக்காரி

அம்மாவுக்கு 68. சலரோகம் வந்து பதினேழு வருசம், காலமை மெட்ஃபோமின், பின்னேரம் இன்சுலின், உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். போன வருசம் மாசியில மூண்டு தரம் சீனி இறங்கிச்சு. மூண்டாந்தரம் விடியக்காத்தால நாலு மணி, எழும்பிப் பார்த்தா கிணத்தடியில வேர்வையில நனைஞ்ச சீலையோட குந்தியிருக்கிறா, என்னைப் பார்த்து "கப்பல்துறை பஸ் போட்டுதோ பிள்ளை" எண்டு கேக்கிறா. மீட்டரில 46. குளுக்கோஸ் கரைச்சுப் பருக்கி அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் என்ர பேரைச் சொன்னவ.

நாங்க சாப்பாடு காணாது எண்டுதான் நினைச்சம். கிளினிக்கில டொக்டர் அம்மாவின்ர ஊதின முகத்தைப் பார்த்திட்டு டிஎஸ்எச் எழுதினார், அது தைரொயிட் குறைஞ்சா ஏறுற, கூடினா இறங்கிற ரத்த ரெஸ்ட், வந்தது 38. தைரொயிட் படுத்திட்டா உடம்பு இன்சுலினை மெள்ளத்தான் கழிக்குமாம், ஈரலும் ரத்தத்துக்குள்ள சீனியைக் குறைச்சுத்தான் விடுமாம், அதால போட்டுக்கொண்டிருந்த அதே ஊசி கூடிப்போச்சு. ஊசியைக் குறைச்சு, தைரொயிட் குளிசையான தைரொக்சினை 25ல துவங்கி மெள்ள மெள்ள 75க்கு வந்தம்.

இனித்தான் விசயம். ஆவணி அளவில வெறும் வயித்துச் சீனி 108இல நிண்டது 174, 180 எண்டு ஏறத்துவங்கிச்சு. அந்தக் கிழமைதான் சின்னம்மா வீட்டால தொதல் வந்திருந்தது. அம்மா களவாச் சாப்பிடுறா எண்டு முடிவே கட்டிட்டன். அலுமாரியில வைச்சுப் பூட்டி திறப்பை இடுப்பில செருகினன், அவவுக்கு முன்னாலயே. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, என்ர இடுப்பை ஒருக்காப் பார்த்திட்டு எழும்பிப்போய் கோப்பை கழுவினா. கழுவி வைச்ச கோப்பையைத்தான் திருப்பிக் கழுவினா.

அடுத்த கிளினிக்கில டொக்டர் சொல்றார் இது எதிர்பார்த்ததாம், தைரொயிட் சரிவர சரிவர இன்சுலின் பழையபடி கெதியாக் கழியும், ஈரலும் சீனி விடத் துவங்கும், குறைச்ச ஊசியைத் திருப்பிக் கூட்டவேணுமாம். அதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா எண்டு வாய்வரைக்கும் வந்தது. உங்களுக்கு ஆருக்காவது இப்பிடி நடந்ததா?

டச்பே நடைகாரன்

தங்கச்சி, எனக்கு இதுக்கு நேர் எதிர். வயசு 59. எச்பிஏ1சி, அதான் மூண்டு மாசச் சீனிக் கணக்குக் காட்டுற ரெஸ்ட், 6.8, சலரோகம் எண்டு சொல்லிப்போட்டினம். ஆனா வீட்டில விரல் குத்திப் பார்த்தா காலமை 96, 98, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தால 130. மனுசி ரீயில சீனியை நிப்பாட்டி, இடியப்பத்தை நிப்பாட்டி, ஒவ்வொரு நாளும் குரக்கன் புட்டு. கடற்கரையில என்னோட நடக்கிற நாலு பேரும் நாலு கசாயம் சொல்லிச்சினம், ரெண்டைக் குடிச்சும் பார்த்தன். வேற டொக்டர் ஒருத்தர் கொலஸ்ட்ரோலுக்குப் பார்க்கேக்க ஏ1சி ரிப்போட்டையும் வீட்டு மீட்டர் கணக்கையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சார், கொஞ்ச நேரம் பேசேல்ல, பிறகு "இதில ஒண்டு பொய் சொல்லுது" எண்டார். டிஎஸ்எச் 24.

அவர் விளங்கப்படுத்தினது, தைரொயிட் குறைஞ்சா புது ரத்தச் சிவப்பணு உண்டாகிறது மந்தமாகும், பழைய அணுக்கள்தான் கூட நாள் சுத்திக்கொண்டு நிக்கும், நாள் கூடக்கூட அதில ஒட்டுற சீனியும் கூடும், அதைத்தான் ஏ1சி எண்ணுது. ஆறு மாசம் தைரொக்சின் மட்டும்தான் போட்டன், ஏ1சி 6.0, கொலஸ்ட்ரோலும் இறங்கிச்சு. நான் சொல்றன், ஊரில இருக்கிற சலரோகத்தில பாதி தைரொயிட்தான். எல்லாரும் டிஎஸ்எச் பாருங்கோ.

பாலையூற்றுப் பிள்ளை

அண்ணன், குறை நினைக்காதேங்கோ, பாதி எண்டெல்லாம் எழுதாதேங்கோ. உங்களுக்கு சலரோகம் வரவே இல்லை, மீட்டர் முதல்நாளில இருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இதை வாசிச்சிட்டு ஆராவது மெட்ஃபோமினைத் தூக்கி எறிஞ்சா ஆர் பொறுப்பு?

தைரொயிட் குறைஞ்சா தசை சீனியை இழுக்கிறது மந்தமாகும், அதுவும் இன்சுலினுக்கு உடம்பு மசியாத நிலைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா வயசு போகப்போக தசையே கரைஞ்சு போகுது, சாப்பிட்ட சீனியில பெரும்பங்கை வாங்கிறது தசை, அந்த இடத்தில வயித்துக் கொழுப்பு வந்து குந்துது, நடை குறையுது. அறுவது வயசில சீனி ஏறினா அனேகமா அதுதான் காரணம். பொம்பிளையளுக்கு தீட்டு நிண்டாப்பிறகு தைரொயிட்டும் சலரோகமும் ஒரே காலத்தில எட்டிப்பார்க்கும், அதால ஒண்டு மற்றதைக் கொண்டுவந்த மாதிரித் தெரியும்.

எங்கட மாமிக்கு 81. டிஎஸ்எச் 6.2 எண்டு ஒரு இடத்தில குளிசை எழுதிக் குடுத்திட்டினம், தைரொயிட் ஹோர்மோனைக் காட்டுற ஃப்ரீ டீ4 சரியாத்தான் இருந்தது. வயசான ஆக்களுக்கு டிஎஸ்எச் தானாவே கொஞ்சம் ஏறும், 81 வயசில 6.2 எண்டது 30 வயசுப் பிள்ளையின்ர 6.2 இல்லை. களைப்புப் போகேல்ல எண்டு அளவைக் கூட்டிச்சினம். கோணேசருக்குக் கூட்டிக்கொண்டு போனம், கோட்டைக்குள்ள மானுக்கு வாழைப்பழம் நீட்டிக்கொண்டு நிண்டவ, பழம் கையால விழுந்திட்டுது, என்ர கையை எடுத்துத் தன்ர நெஞ்சில வைக்கிறா. ஒரு தாளமும் இல்லை, கண்டபடி அடிக்குது. ஈசிஜியில இதயம் ஒழுங்கு தப்பித் துடிக்குதெண்டு வந்தது, டிஎஸ்எச் 0.05, குளிசை கூடிப்போச்சு. அந்த மான் பழத்தைத் திண்டிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. ஐரோப்பாவில 65 வயசுக்கு மேல 737 பேரை வைச்சு 2017ல வெளிவந்த ஆய்விலயும், இப்பிடி லேசா டிஎஸ்எச் ஏறினவைக்கு தைரொக்சின் குடுத்து ஒரு வருசத்தில களைப்பு குறைஞ்சதாக் காணேல்ல.

கிண்ணியா ராத்தா

எனக்கு 54, தைரொயிட் ஒம்பது வருசம், சீனி ரெண்டு வருசம். நோன்பு மாசம் சஹருக்குச் சோறோட, பாலோட, கல்சியத்தோட சேத்து எல்லாக் குளிசையையும் ஒரேயடியா விழுங்கினன். பெருநாளைக்கு மருதாணி போட இருந்தா விரல் மடங்குதில்ல, அப்பிடி வீங்கிப்போச்சு. டிஎஸ்எச் 3ல இருந்தது 17. அவ்வளவுதான் என்ட கதை.

ஆனா எல்லாரும் கேளுங்க. தைரொக்சின் வெறும் வயித்தில, தண்ணியோட மட்டும். பிறகு அரை மணித்தியாலத்துல இருந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் ரீயும் வேணாம், பாணும் வேணாம். "பிளேன்ரீதானே" எண்டு என்ட மச்சி செல்லுவா, பிளேன்ரீயும் வேணாம். கல்சியம், இரும்புக் குளிசை நாலு மணித்தியாலம் தள்ளி. நோன்பு பிடிக்கிற ஆக்கள் ராவைக்குச் சாப்பிட்டு மூணு மணித்தியாலத்துக்குப் பிறகு படுக்கப்போகக்குள்ள போடலாம், முதல்ல டொக்டர்ட்ட கேளுங்க. இன்சுலின் போடுற ஆக்கள் நோன்பைப் பத்தி தனியாவே கேக்கணும், அது வேற கதை. மயிர் கொட்டுதெண்டு பயோட்டின் விழுங்குற பிள்ளைகள், ரெஸ்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன நிப்பாட்டுங்க, இல்லாட்டி டிஎஸ்எச் பிழையாக் காட்டும், நல்லாயிருக்கிற ஆளுக்கும் தைரொயிட் கூடின மாதிரி வரும். அளவை மாத்தினா ஆறு எட்டுக் கிழமை போகாம ரெஸ்ட் செய்யாதீங்க, காசுதான் வீண். குளிசைப் போத்தலை அடுப்படி யன்னலில வைக்காதீங்க, நம்மட வெயிலுக்கு அது பழுதாகிரும். அதோட ஒரே கொம்பனிக் குளிசையையே பாவிக்கப் பாருங்க. கொப்பியில திகதியோட எழுதி வைங்க. என்ட மகள் சிரிக்கிறா, சிரிக்கட்டும்.

நிலாவெளி ஓய்வு வாத்தி

மரவள்ளிக்கிழங்கைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. அதுதான் எல்லாத்துக்கும் மூலம். கோவாவும்.

பாலையூற்றுப் பிள்ளை

சேர், மரவள்ளியும் கோவாவும் தைரொயிட்டை மந்தமாக்கிறது உடம்பில அயடீன் குறைஞ்ச இடத்திலதான் பெரிய பிரச்சினை. எங்கட நாட்டில உப்புக்கு அயடீன் சேர்க்கவேணும் எண்டு 1995லயே சட்டம் வந்திட்டுது. அவிச்ச கிழங்கைச் சம்பலோட சாப்பிடுங்கோ, ஆனா சீனிக்காரர் அளவாச் சாப்பிடுங்கோ, அது முழுக்க மாச்சத்து.

நிலாவெளி ஓய்வு வாத்தி

நான் முப்பத்தொரு வருசம் படிப்பித்தவன்.

சீனக்குடா மச்சான்

சண்டை பிடியாமல் இதையும் ஒருக்காக் கேளுங்கோ, தைரொயிட் கூடினாலும் சீனி ஏறும். அக்கா ஆறு மாசத்தில பதினொரு கிலோ மெலிஞ்சிட்டா, சீனி 240, எல்லாரும் சலரோகம்தான் ஆளைத் திண்டு போட்டுது எண்டு பேச்சு, ஊசியைக் கூட்டக் கூட்ட ஒண்டும் மசியேல்ல. ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கேக்க ரீ கொண்டு வாறா, கோப்பை சோசரில கடகடகடவெண்டு அடிபடுது, குசினியில இருந்து விறாந்தை வரைக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான். வந்தவையில ஒரு அன்ரி ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா வேலை செய்து ஓய்வெடுத்தவ, ரீயைத் தொடவேயில்லை, அக்காவின்ர கழுத்தைத்தான் பார்த்தவ. கலியாணம் சரிவரேல்ல, ஆனா தைரொயிட்டைக் குறைக்கிற கார்பிமசோல் குளிசை துவங்கி மூண்டு மாசத்தில ஊசி பாதியாக் குறைஞ்சிட்டுது.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. ராத்தா, அம்மா இவ்வளவு நாளும் பால்ரீயோடதான் போட்டிருக்கிறா, இண்டைக்குத்தான் எனக்கே தெரியும், இனி ரீ பிந்தித்தான். அது சரியா வேலை செய்யத் துவங்கினா ஊசியை இன்னும் கூட்டவேண்டி வருமோ எண்டும் கேக்கவேணும். நடைகாரன் அண்ணன், அம்மாவின்ர பழைய ஏ1சி ரிப்போட்டையும் இனி நம்பேலாது போல, அந்தக் காலத்து மீட்டர் கணக்கைத் தேடி எடுத்துக்கொண்டு போறன்.

நேற்று அம்மாவுக்கு இதெல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். மான் கதையை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னவ. பிறகு தொதல் மிச்சம் இருக்கோ எண்டு கேட்டா. அது எப்பவோ முடிஞ்சுது, கடையில கால் றாத்தல் வாங்கி வந்து நெருப்புப்பெட்டி அளவில ஒரு துண்டு வெட்டிக் குடுத்தன். ரெண்டு மணித்தியாலத்தால தானே விரலை நீட்டினா. 212.

"இதுதான் பிள்ளை தொதல் செய்யிற வேலை, பார்த்து வைச்சுக்கொள்" எண்டிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு போறா.