பாரிஸுக்குப் பிள்ளைகளோடு போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை அம்மா:
சாத்லே மெட்ரோ ஸ்டேஷன், ஏழாம் லைன். லூவர் மியூசியம் போக இரண்டே ஸ்டேஷன். இடுப்பில் சின்னவன், கையில் பாதி மடக்கிய ஸ்ட்ரோலர். ஆறு வயது மகள் முன்னால் ஓடி ஏறிவிட்டாள். பஸ்ஸர் அடித்தது, கதவு மூடிக்கொண்டது. அவள் அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்து என்னையே பார்த்தாள். பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா அவள் தோளைப் பிடித்தபடி எனக்கு ஒரு விரலைக் காட்டினார், பிறகு கீழே கை காட்டினார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறோம் என்கிறார். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி பிடித்து அடுத்த ஸ்டேஷனான போன் நெஃப்பில் இறங்கினால், இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் கைக்குட்டை மகள் விரலில் சுற்றியிருக்கிறது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நிமிர்ந்தேன், நாங்கள் வந்த வண்டியிலேயே அவர் ஏறிவிட்டிருந்தார். ஒரு மெர்சி, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக மனசை அரிக்கிறது.

திருச்சி அப்பா:
எங்களுக்கு லூவரில் மோனாலிசா அறை. படம் 77 செ.மீ. உயரம்தான். ஐந்து வயதுப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் போனும். தோளில் ஏற்றினேன். "அப்பா, எல்லாரும் அவங்களுக்கு முதுகு காட்டி நின்னு போட்டோ எடுக்கிறாங்க, பாவம்" என்று சொல்லிக் கையை ஆட்டினான். அப்புறம் எதிர்ச் சுவருக்குத் திரும்பினோம். அங்கே 'கானாவூர் கல்யாணம்' என்ற ஓவியம், வெரோனேசே வரைந்தது, பத்து மீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அங்கே கூட்டமே இல்லை. அதிலுள்ள நாய்களைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றான்.

சென்னை பயணி:
கோவை அம்மா, மன்னிக்கவும், இரண்டு குழந்தையோடு தனியாக சாத்லே மாதிரி இடத்தில் ஏறியதே தப்பு. முதலில் பிள்ளை கை, அப்புறம்தான் வண்டி. பழைய லைன்களில் நிறைய ஸ்டேஷனில் லிஃப்ட் கிடையாது, படிதான். பதினாலாம் லைனில் எல்லா ஸ்டேஷனிலும் உண்டு. பேசாமல் பஸ்ஸில் போங்கள், ஸ்ட்ரோலரை மடக்காமல் ஏற்றலாம். 4 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள். 'நான் ஏறிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்பேன்' என்று வீட்டிலேயே பத்து தடவை சொல்லவையுங்கள். லூவரில் 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனாலும் நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள். செவ்வாய் விடுமுறை. அது தெரியாமல் நாங்கள் லூவர் வாசலில் உள்ள பூட்டிய கண்ணாடிப் பிரமிட் முன்னால் நின்றோம், மூத்தவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

லாச்சப்பல் அக்கா:
சென்னைத் தம்பி, பிள்ளையைத் தவறவிட்டுப் பதறின தாய்க்கு இப்பிடியா எழுதுறது? நாங்கள் இங்கே பாரிஸ் லாச்சப்பலிலேயே இருக்கிறனாங்கள், எங்களுக்கும் நடக்கும்.

தங்கச்சி, என்ர மகள் அப்ப கைக்குழந்தை. லாச்சப்பல் மெற்றோ ரோட்டுக்கு மேலே பாலத்தில ஓடுறது, தள்ளுவண்டியோடு படிக்குக் கீழே நிக்கிறன். ஒரு மனுசன் சந்தைப் பையைக் கீழே வைச்சிட்டு, ஒண்டும் கேக்காமல் முன்சில்லுகளைத் தூக்கினார். மேலே கொண்டுவந்து விட்டிட்டு இறங்கிப் போட்டார். நான் வாய் திறக்க முந்தி அவர் கீழே, பையைத் தூக்கிறார். வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் இலை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகளுக்கு இப்ப 22 வயது. சந்தையில் லீக்ஸ் வாங்கேக்கை எல்லாம் அந்த மனுசன்ர ஞாபகம்தான்.