பிஎஸ்2 ஸ்லிம்: கார்டு போட்டும் ஹோம்ப்ரூ மெனு வரலை, உதவி!

பாம்பன்_அலை:
அவசரம். என் பிஎஸ்2 (சோனி பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷின்) ஸ்லிம்ல ஹோம்ப்ரூ, அதாவது சோனி தராத, ஆர்வலர்கள் எழுதுன புரோகிராம் ஓட்டணும்னு, அதைத் திறக்குற ஃப்ரீ எம்சிபூட்ங்கிற சாஃப்ட்வேர் போட்ட மெமரி கார்டு ஆன்லைன்ல வாங்குனேன். செருகி ஆன் பண்ணா பழைய மெனுதான் வருது. பழைய கார்டுல இருக்குற கேம் சேவ் எல்லாம் கம்ப்யூட்டர் எமுலேட்டருக்குப் (பிஎஸ்2 கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) போகணும்.

தொண்டி_ரெட்ரோ:
மாடல் நம்பர் என்ன? அடில ஸ்டிக்கர்ல இருக்கும். பக்கத்துல 8சி, 8டின்னு தயாரிச்ச காலத்தைக் காட்டுற டேட் கோடு இருக்கும், அதும் வேணும்.

உப்புக்காத்து:
பாம்பன்ல இருந்துக்கிட்டு வேற என்ன கேக்கணும்? கார்டு சொருகுற பின் எல்லாம் பச்சை பூத்திருக்கும். வெள்ளை வினிகர் ஒரு சொட்டு பஞ்சுக்குச்சில தொட்டுத் துடைங்க, அப்புறம் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். காஞ்சப்புறம் போடுங்க.

ரிப்பேர்_ராசா:
லென்ஸ் போயிருக்கும்.

கீழக்கரை_காக்கா:
டிஸ்க்கே போடலை, லென்ஸ் எங்கருந்து வந்துச்சு? தம்பி, மெஷின் மெனுல இருக்குற பிரவுசர்ல புதுக் கார்டு தெரியுதா? தெரிஞ்சா பின்னுல கோளாறு இல்ல. பவர் வயர் நேரா மெஷின்ல போகுதா, வெளிய அடாப்டர் இருக்கா?

மூத்த_உறுப்பினர்:
தேடல் பெட்டின்னு ஒன்னு சும்மா வச்சிருக்கல. மாசத்துக்கு நாலு பேரு இதையே கேக்குறீங்க.

உப்புக்காத்து:
பென்சில் ரப்பரால தேச்சாலும் போதும்.

தொண்டி_ரெட்ரோ:
ரப்பர் கூடவே கூடாது. தங்க முலாம் தேஞ்சு போகும், அப்புறம் உப்பு இன்னும் சுலபமா ஏறும்.

உப்புக்காத்து:
கடைக்காரங்க எல்லாம் அதான் செய்றாங்க.

தொண்டி_ரெட்ரோ:
அவங்க டபிள்யூடி-40யும் அடிக்கிறாங்க. எண்ணெய்ப் படலம் நின்னு தூசி ஒட்டும்.

பாம்பன்_அலை:
கார்டு தெரியுது. வயர் நேரா போகுது. 90000 வரிசை, 8டி.

கீழக்கரை_காக்கா:
அதான் விஷயம். வெளி அடாப்டர் ஸ்லிம் எல்லாத்துலயும் ஃப்ரீ எம்சிபூட் ஓடும். உன்னோட 90000-ல, அடாப்டர் உள்ளேயே இருக்குற மாடல்ல, கடைசியா வந்ததுல சிலதுல ஓடாது. பயாஸ் (மெஷினை ஆன் பண்ணதும் ஓடுற உள் சாஃப்ட்வேர்) 2.30-ல அந்த வழியை அடைச்சுட்டாங்க. கார்டு மேல குத்தம் இல்ல.

2020-ல வந்த ஃப்ரீ டிவிடிபூட் இதுல ஓடும், அது கார்டு இல்லாம டிவிடி மூலமா ஹோம்ப்ரூவைத் திறக்குறது. மெனுல முக்கோணத்தை அமுத்தி டிவிடி பிளேயர் வெர்ஷன் பாரு, 3.10 இல்ல 3.11 இருக்கணும். மொழியை இங்கிலீஷ்ல வை. அதோட ஐஎஸ்ஓவை (டிஸ்க் இமேஜ் ஃபைல்) டிவிடி-ஆர்ல குறைஞ்ச வேகத்துல எழுதி, ஃபைனலைஸ் பண்ணிடு. போட்டா யூலாஞ்ச்எல்ஃப்ங்கிற ஃபைல் மேனேஜர் திறக்கும். சேவை எடுக்குற பென் டிரைவை எஃப்ஏடி32-ல ஃபார்மேட் பண்ணி மெஷின்ல சொருகு.

பழைய கார்டு முதல் ஸ்லாட்டுல இருந்தா எம்சி0ன்னு தெரியும். சேவ் ஃபோல்டர்ல நின்னு ஆர்1, காப்பி. மாஸ்-க்குப் (பென் டிரைவ்) போய் ஆர்1, பிஎஸ்யூ பேஸ்ட், சேவ் முழுசா ஒரே ஃபைலா வரும். சும்மா பேஸ்ட் போடாத, தேதி, பண்பு எல்லாம் தொலைஞ்சிடும். கம்ப்யூட்டர்ல மைஎம்சிங்கிற புரோகிராம் வச்சு அந்த ஃபைலை பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரோட கார்டுக்குள்ள இறக்கு. தினமும் டிஸ்க் போட வேணாம்னா, ஓப்பன்டூனாவைக் கார்டுல ஏத்திக்க, அது இந்த மெஷின்லயும் கார்டுலருந்தே ஹோம்ப்ரூவைத் திறக்கும்.

மூத்த_உறுப்பினர்:
பயாஸையும் அதே மூச்சுல எடுத்துடு. உன் மெஷின்லருந்து எடுத்ததுதான் எமுலேட்டருக்கு முறை.

ரிப்பேர்_ராசா:
டிவிடி படிக்கணும்னா லென்ஸ் நல்லா இருக்கணுமே?

பாம்பன்_அலை:
ரெண்டாவது டிஸ்க்ல ஓடிருச்சு காக்கா. சேவ் வந்துருச்சு. நன்றி.

உப்புக்காத்து:
பின்னைத் துடைச்சீங்களா?